பத்மாசனி வாய்க்காரி ஆன கதை

புளியங்குளம் சந்தியில் இறங்கி மேற்கே நாலு கட்டை தூரம் நடந்தால் ஆலையடிக்குளம் வரும். அரசாங்கம் கொடுத்த பேர்மிட் காணிகளில் முப்பத்திரண்டு குடும்பங்கள் வந்து குடியேறிய இடம். ஐம்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்தில் யாரிடமாவது வழி கேட்டால், "வாய்க்காரி பத்மாசனி வீட்டுக்கு இங்காலையோ அங்காலையோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். குளத்தைவிட அவளுடைய வாய்க்குத்தான் பெயர் இருந்தது.

அவளை நேரில் காணாதவர்கள் வாட்டசாட்டமான ஒரு பெண்ணை நினைத்துக்கொண்டு வருவார்கள். வந்து பார்த்தால் மெலிந்த, குள்ளமான மனுசி ஒருத்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "இவாவோ?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்கள். அவர் ஓம் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு விலகிப் போய்விடுவார்.

உண்மையில் அவளைப்போலக் கூச்சப்பட்ட ஆள் அந்தக் குடியேற்றத்தில் வேறு யாரும் இல்லை. தென்மராட்சியில் நாலு தமையன்மாருக்குப் பிறகு பிறந்தவள். வீட்டில் கதைக்க வேண்டியதையெல்லாம் அவர்களே கதைத்துவிட்டார்கள். கலியாணம் முடித்து ஆலையடிக்குளத்துக்கு வந்த புதிதில், கணவன் சண்முகராசா ஒருநாள் அவளை உப்பு வாங்கிவரக் கடைக்கு அனுப்பினான். ஆட்கள் கலையும்வரை வேலியோரம் நின்றாள். கடைக்காரர் "என்ன பிள்ளை வேணும்?" என்று கேட்டதும் நாக்கு எழும்பவில்லை. கண்ணுக்கு நேரே கிடந்த நெருப்புப்பெட்டியைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்கு உப்பில்லாத கறிதான். சண்முகராசா ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு, கைகழுவும்போதுதான் சிரித்தான்.

அந்த நல்ல மனிதன் ஐம்பத்தொன்றாம் ஆண்டு ஆவணியில், வேலிக்குக் கம்பு வெட்ட மரத்தில் ஏறி விழுந்து செத்துப்போனான். வண்டிலில் வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மகள் சிவனேஸ்வரிக்கு அப்போது ஐந்து வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் மூத்த தமையன் சொன்னார்:

"காணியை ஆரிட்டையாவது குடுத்துப்போட்டு வெளிக்கிடு. தனிய இருந்து என்ன செய்யப்போறாய்?"

அவள் மறுமொழி சொல்லவில்லை. அடுத்தநாள் காலை வண்டில் கட்டி நின்றபோதும் வெளியே வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், மகளை மடியில் வைத்துக்கொண்டு விதைநெல் மூட்டையில் சாய்ந்திருந்தாள். தமையன் இரண்டு தரம் கூப்பிட்டார். பிறகு, "ஒரு போகம் பார். ஏலாட்டி அறிவி" என்றுவிட்டுப் போனார். பேசத் தெரியாதவள் பேசாமலே இருந்து வென்ற முதல் காரியம் அது. தமையன்மார் வீட்டுக்குப் போனால் நாலு குசினிகளில் ஏதாவது ஒன்றில் அவளுக்கு இடம் கிடைக்கும். இங்கே மூன்று ஏக்கர் இருந்தது. ஆனால் ஒரு போகம் விதைக்காமல் விட்டாலும் பேர்மிட்டை வேறு யாருக்காவது மாற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் பயப்படுத்தி வைத்திருந்தார்கள்.

மழைக்கு விதைத்தாள். தை மாதம் வரைக்கும் வானம் பார்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு குளத்துத் தண்ணீர்தான். யாருக்கு எந்த நாளில் தண்ணீர் என்று முறை வைத்து, அதைப் பார்க்க ஒரு விதானையாரும் இருந்தார். பத்மாசனியின் வயலுக்கு மேலே இளையதம்பியின் வயல். ஆறு பிள்ளைகளின் தகப்பன். கெட்டவர் இல்லை, ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைக் கண்டால் அவர் கை சும்மா இராது.

கதிர் வெளிவர முன்னம் பயிர் குடலை கட்டுகிற நேரம் பத்மாசனியின் முறை வந்தது. தண்ணீர் வரவில்லை. அடுத்தநாளும் வரவில்லை. விதானையாரின் வீட்டு வாசல் படலைவரை போனாள். அவர் "என்ன?" என்று கேட்டார். "தண்ணி" என்றாள். "பாப்பம்" என்றார். மூன்றாம் நாள் விடியவே வாய்க்கால் கரையால் நடந்து போய்ப் பார்த்தாள். இளையதம்பி சேற்றை வெட்டிப் போட்டு வாய்க்காலைக் குறுக்கே மறித்திருந்தார். தண்ணீர் முழுக்க அவர் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"என்ன பிள்ளை, விடியக் காத்தாலை?" என்று கேட்டார் அவர்.

சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டைவரை வந்தது. "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்தால் பின்வளவில் ஒரு கட்டாக்காலி மாடு நின்று, அவள் நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கத்தரிக் கன்றுகளை மேய்ந்துகொண்டிருந்தது. அதைக் கண்டதும் அவளுக்குள் என்ன நடந்தது என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தும் அவளுக்கு விளங்கவில்லை. விளக்குமாறு கையில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"வெக்கமில்லையோ உனக்கு? தகப்பனில்லாத பிள்ளையின்ர சோத்திலை வாய் வைக்கிறாய். உனக்கெண்டு கிடக்கிறது காணாதோ? மூண்டு நாளாப் பாத்துக்கொண்டு இருக்கிறன். கேக்க ஆளில்லையெண்டு நினைச்சியோ? நான் இருக்கிறன். ஊர் கேக்கட்டும். ஊர் முழுக்கக் கேக்கட்டும்."

மாடு வந்தது அன்றைக்குத்தான். மூன்று நாள் கணக்கு வேறு ஆளுக்குரியது.

அந்த நேரம் வேலிக்கு வெளியே ஒழுங்கையால் மண்வெட்டியும் தோளுமாக இளையதம்பி வந்துகொண்டிருந்தார். கிடுகு வேலி; உள்ளே மாடு நிற்பது அவருக்குத் தெரியவில்லை. அவள் சொன்னது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. எதிரே வந்த இரண்டு பேருக்கும் கேட்டது. அவர்கள் இளையதம்பியைப் பார்த்தார்கள். இளையதம்பி வந்த வழியே திரும்பிப் போனார்.

அரை மணித்தியாலத்தில் பத்மாசனியின் வயலுக்குத் தண்ணீர் வந்தது.

ஏன் வந்தது என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது. விதானையார் பார்த்துச் செய்திருக்கிறார் என்றே நினைத்தாள். இரண்டு நாள் கழித்துக் கிணற்றடியில் இளையதம்பியின் பெண்சாதி விமலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

"அவர் செய்தது பிழைதான். அதுக்காக இப்பிடியோ? ஒரு மாட்டுக்கு ஏசிற மாதிரியெல்லோ ஏசிப்போட்டாய்."

பத்மாசனி வாளியைப் பிடித்தபடி நின்றாள். மாட்டைத்தான் ஏசினேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. பயத்தில் சொல்லாமல் விட்டாளா, யோசித்துத்தான் விட்டாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சிறுபோகத்தில் மறுபடியும் ஒருமுறை தண்ணீர் தவறியது. இந்தத் தரம் மாடு எதுவும் வரவில்லை. பத்மாசனி பின்வளவில் நின்ற முருங்கை மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். சிவனேஸ்வரி குசினி வாசலில் இருந்து பார்த்தாள். முதலில் சத்தம் வரவில்லை, செருமினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு வந்தது. மரத்தில் இருந்த காகங்கள் எழும்பிப் போயின. தண்ணீர் அன்று மத்தியானத்துக்கு முன்னமே வந்தது.

அதற்குப் பிறகு அவள் அதை ஒரு வேலைபோலச் செய்யப் பழகினாள். வேலைக்கு முறை வேண்டும் அல்லவா? தனக்குத்தானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டாள். தன் வளவுக்குள் நின்றுதான் கத்துவாள். ஒருவர் படலையிலும் போய் நிற்கமாட்டாள். ஒருவருடைய பெயரையும் சொல்லமாட்டாள். யாருடைய பெண்சாதி பிள்ளைகளையும் இழுக்கமாட்டாள். தூசண வார்த்தை இல்லை, சாபமும் இல்லை. நடக்காத ஒன்றைச் சொல்லமாட்டாள். நடந்ததை நடந்தபடியே, குளக்கட்டு வரைக்கும் கேட்கக்கூடியதாகச் சொல்வாள். அவ்வளவுதான். ஆனால் அதுவே ஆட்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பொய் சொல்லி ஏசினால் திருப்பி ஏசலாம். இவள் சொன்னதற்கு மறுமொழி சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது தன்னைத்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கத்தி முடித்ததும் குசினிக்குள் போய்க் குந்திவிடுவாள். கை நடுங்கும். சிவனேஸ்வரி ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்; செம்பை அவளே பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சிந்தும். அந்த நடுக்கத்தை மகளைத் தவிர வேறு யாரும் கண்டதில்லை.

நாலைந்து வருடத்தில் பெயர் நன்றாக ஊறிவிட்டது. வரம்பை வெட்டுகிறவர்கள் அவளுடைய வரம்பை விட்டுவிட்டு வெட்டினார்கள். உழவுக்கு மாடு தருவதாகச் சொன்னவர்கள் சொன்ன நாளில் தந்தார்கள். "பத்மாசனியின்ர வாயிலை விழாதை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். மூன்று ஏக்கரும் ஒரு போகமும் தரிசாகக் கிடக்கவில்லை.

ஆனால் நல்லது கெட்டதுக்கு அவளை முறைக்குக் கூப்பிட்டார்களே தவிர, "இருந்து கதைச்சுப்போட்டுப் போவன்" என்று ஒருத்தியும் சொன்னதில்லை. கிணற்றடியில் அவள் தலை தெரிந்ததும் கதை நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் சிவனேஸ்வரியோடு ஒரே வாங்குப் பலகையில் இருக்கப் பிள்ளைகள் யோசித்தார்கள். ஒருநாள் மகள் கேட்டாள்:

"அம்மா, நீங்கள் பொல்லாதவா இல்லையெண்டு நான் சொல்லட்டோ?"

"சொல்லாதை, ராசாத்தி."

"ஏன்?"

"சொன்னால் தண்ணி நிண்டிடும்."

அவளுடைய பெயரைக் காடு கடந்து கொண்டுபோனவர் ஆதம்பாவா. வவுனியாவில் இருந்து சைக்கிளில் பெரிய துணி மூட்டை கட்டிக்கொண்டு குளம் குளமாகப் போய்ச் சீலை, சீத்தைத் துணி விற்கிறவர்; அண்ணன் முறைக்கு எல்லோரும் அவரை 'நானா' என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை சட்டைத்துணி அளக்கும்போது அவர் கை கொஞ்சம் சறுக்கிவிட்டது. பத்மாசனி துணியை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனாள். ஆதம்பாவா மூட்டையைக் கட்டிச் சைக்கிளில் ஏறக் கால் தூக்கினபோது பின்வளவில் தொடங்கியது. பெயர் இல்லை, ஊர் இல்லை. நாலு யார் நீளத் துணியில் எத்தனை விரற்கடை குறைந்தால் ஒரு சின்னப்பிள்ளையின் சட்டைக் கை எவ்வளவு கட்டையாகும் என்று மட்டும் முருங்கை மரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதம்பாவா மூட்டையை அவிழ்த்து, ஒரு முழம் கூடவே வெட்டிப் படலையில் போட்டுவிட்டுப் போனார்.

கோபிக்கவில்லை. அவருக்கு அது நல்ல கதையாகப் போய்விட்டது. போகிற இடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கூடியது. நெளுக்குளம் போய்ச் சேரும்போது, குளத்து வேலை பார்க்க வந்த ஒரு ஓவசியரைச் சைக்கிளோடு குளத்துக்குள் இறங்கி ஓடவைத்தவள் பத்மாசனி என்று ஆகியிருந்தது.

அறுபத்துநாலாம் ஆண்டு சித்திரையில் அதே ஆதம்பாவா படலையில் வந்து நின்று மணி அடித்தார்.

"தங்கச்சி, நான் இண்டைக்குச் சீலை விக்க வரேல்லை. பிள்ளைக்கு ஒரு இடம் சொல்ல வந்தனான்."

பத்மாசனி கதவோரம் வந்து நின்றாள். "ஆர் நானா?"

"நெளுக்குளத்திலை பாலன் எண்டு ஒரு பெடியன். சொந்த வயல், சொந்த வீடு. தகப்பன் இல்லை. தாய் கதிராசி எண்டு ஒரு நல்ல மனுசி. உங்கடை ஆக்கள்தான். உங்களைப் பற்றி எல்லாம் விசாரிச்சவா. வைகாசியிலை ஒருநாள் வந்து பாக்கட்டோ எண்டு கேக்கச் சொன்னவா."

"என்னைப் பற்றியும் விசாரிச்சவாவோ?"

"விசாரிக்காமலோ? நான்தானே சொன்னனான்" என்றார் ஆதம்பாவா, பெருமையாக.

இதற்கு முன் இரண்டு இடம் வந்து, தாயைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நின்றுபோயிருந்தது. சந்தி வரைக்கும் வந்து திரும்பிப் போனவர்களும் உண்டு. மகளுக்குப் பதினெட்டு வயது. அவள் ஒரு சொல் குறை சொன்னதில்லை. குறை சொல்லாததுதான் தாயைக் கூடுதலாக வருத்தியது.

ஆதம்பாவா போனதும் ஒரு முடிவுக்கு வந்தாள். வைகாசி முடியும்வரை சத்தம் இல்லை. என்ன நடந்தாலும் இல்லை. வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "ஐயோ, அது பழைய கதை, இப்ப நல்ல அமைதி" என்று நாலு பேராவது சொல்லவேண்டும்.

அப்படியே இருந்தாள். முதல் கிழமை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் கிழமை அவளுடைய வாழைக்குலை ஒன்று காணாமல் போனது, வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை விமலேஸ்வரி ஒரு சட்டியில் முருங்கையிலைக் கஞ்சி கொண்டுவந்து படலையில் நின்று, "உனக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள். பத்மாசனி "ஒண்டுமில்லை அக்கா" என்றாள். விமலேஸ்வரி அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். வாய்க்காலில் தண்ணீர் மெல்ல மெல்லப் பிந்தத் தொடங்கியது. காலையில் வர வேண்டியது மத்தியானம் வந்தது. பிறகு பின்னேரம் வந்தது.

கதிராசி பாலனோடு வந்தது ஒரு புதன்கிழமை காலை. சந்திவரை பஸ், அங்கிருந்து வண்டில். வழி காட்ட ஆதம்பாவா சைக்கிளில் முன்னால் வந்தார். அன்றைக்குப் பத்மாசனியின் தண்ணீர் முறை. பத்து மணியாகியும் தண்ணீர் வரவில்லை.

"வாங்கோ. இருங்கோ" என்றாள் பத்மாசனி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சிவனேஸ்வரி தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தாள். பாலன் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நல்ல உயரம். கதிரையில் ஒடுங்கி இருந்ததால் அது தெரியவில்லை.

கதிராசி வீட்டைப் பார்த்தாள், வளவைப் பார்த்தாள், பத்மாசனியைப் பார்த்தாள். "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டாள். "மூண்டு." "போன போகம் எப்பிடி?" "பரவாயில்லை." "தனிய இருந்து செய்யிறது கரைச்சல்தானே?" "ஓம்."

கதிராசியின் முகம் வரவர வாடியது. கொஞ்சநேரத்தில் எழும்பி, வெளியே மாமர நிழலில் சைக்கிளோடு நின்ற ஆதம்பாவாவிடம் போய் அடிக்குரலில் கேட்டாள். உள்ளே இருந்த எல்லோருக்கும் அது கேட்டது.

"இது நீங்கள் சொன்ன வீடுதானோ?"

"அல்லாமேல் ஆணை, இதுதான் அம்மா."

"ஓவசியரைக் குளத்துக்குள்ளை இறக்கினது இவாவோ?"

ஆதம்பாவா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "அது... ஓவசியர் கொஞ்சம் நான் சேத்தது. மிச்சம் எல்லாம் மெய்."

கதிராசி திரும்பி வந்து இருந்தாள். நேராகக் கேட்டாள்.

"கோவிக்கக்கூடாது. நீங்கள் வாய்க்காரி எண்டு கேள்விப்பட்டம். பொய்யோ?"

பத்மாசனிக்கு இதுவும் முடிந்தது என்றே பட்டது. ஒளிப்பதில் இனிப் பலன் இல்லை.

"மெய்தான்" என்றாள். "எனக்கு அப்பிடி ஒரு பேர் இருக்கு. ஆனால் என்ர பிள்ளை அப்பிடி இல்லை. அவள் நல்ல அமைதி. ஆருக்கும் ஒரு சொல் சொல்லமாட்டாள்."

"ஐயோ" என்றாள் கதிராசி. "அப்பிடியோ?"

அந்தக் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. பத்மாசனி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒளிக்காமல் சொல்லுறன் தங்கச்சி" என்றாள் கதிராசி. "என்ர பெடியன் தங்கமான பெடியன். ஆனால் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லமாட்டான். பக்கத்து வளவுக்காரன் மாரிக்கு மாரி வேலியைத் தள்ளித் தள்ளிக் கட்டுறான். எங்கட மூண்டு தென்னை இப்ப அவன்ர வளவுக்குள்ளை நிக்குது. இவன் பாத்துக்கொண்டு நிப்பான். நானும் அப்பிடித்தான், அவன்ர முகத்தைக் கண்டால் எனக்குக் கதை வராது. நானா உங்களைப் பற்றிச் சொன்னவுடனை, கடவுளே இப்பிடி ஒரு வீட்டிலை ஒரு பிள்ளை எடுத்தால் எங்களுக்கும் ஒரு வாய் கிடைக்குமெண்டு நேந்துகொண்டு வந்தனான்."

பாலன் காது சிவந்துபோய் இருந்தான். "அம்மா, விடுங்கோ" என்றான்.

பத்மாசனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது. மூன்று கிழமையாக அவள் ஒளித்து வைத்ததைத் தேடித்தான் இந்த மனுசி பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"அக்கா" என்றாள். "நானும் பயந்தவள்தான்."

பிறகு முழுவதையும் சொன்னாள். உப்புக்குப் போய் நெருப்புப்பெட்டியோடு வந்ததில் தொடங்கி, மாட்டை ஏசியது, இளையதம்பி திரும்பிப் போனது, முருங்கை மரத்தடி, கை நடுக்கம் எல்லாம் சொன்னாள். பன்னிரண்டு வருடத்தில் ஒருவரிடமும் சொல்லாதது. அவ்வளவு நேரம் இன்னொரு ஆளோடு தொடர்ந்து கதைத்ததும் அவளுக்கு அதுதான் முதல் தரம். கதிராசி கையில் இருந்த பணியாரத்தைத் தின்ன மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஆதம்பாவா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"பன்னிரண்டு வரியமாப் பயந்து பயந்தே கத்தினீங்களோ?" என்று கேட்டாள் கதிராசி.

"ஓம்."

"ஒருதரமாவது பயம் விட்டதோ?"

"இல்லை."

கதிராசி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம்தான் சிவனேஸ்வரி பின்பக்கத்தால் வந்து, "அம்மா, தண்ணி இன்னும் வரேல்லை. பதினொண்டாகுது" என்றாள். பத்மாசனி எழும்பப் போனாள். பழக்கத்தில் கண் பின்வளவுப் பக்கம் போனது. மகள் அவள் தோளைத் தொட்டு இருத்தினாள்.

"நீங்கள் இருங்கோ. நான் போய்ச் சொல்லிப்போட்டு வாறன்."

"ஆரிட்டை?"

"இளையதம்பி மாமாவிட்டைத்தான். அவர் அங்கை வரம்பிலை நிக்கிறார்."

செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். பாலன் கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு எழும்பி, சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பத்தடி பின்னால் போனான். மாமர நிழலில் நின்று மற்ற மூன்று பேரும் பார்த்தார்கள். வயல் கிட்டத்தான், கதைப்பது கேட்டது.

"மாமா, இண்டைக்கு எங்கட முறையெல்லோ?"

இளையதம்பி திரும்பினார். "ஓம் பிள்ளை."

"தண்ணி வரேல்லை. நீங்கள் மறிச்சிருக்கிறியள். விட்டுவிடுங்கோ."

கத்தவில்லை. படலையில் நின்று பால் கேட்கிற குரல்தான். இளையதம்பி அவளையும் பின்னால் மண்வெட்டியோடு நிற்கிற உயரமான பெடியனையும் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"விடுறன், விடுறன். அதுசரி, கொம்மாவுக்கு என்ன? மூண்டு கிழமையாச் சத்தத்தைக் காணேல்லை. வீட்டிலை இவள் ஒவ்வொரு நாளும் கேக்கிறாள். ஏதும் பெரிய வருத்தமோ?"

"வருத்தம் ஒண்டுமில்லை, மாமா. அவா களைச்சுப்போனா."

இளையதம்பி தலையைச் சொறிந்தார். "நான் கொஞ்சம் கூடத்தான் எடுத்துப்போட்டன். சத்தம் இல்லாட்டி எனக்கும் அளவு தெரியுதில்லை" என்றார். அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை. பாலன் இறங்கிச் சேற்றை வெட்டினான். இளையதம்பியும் மற்றப் பக்கத்தால் வெட்டினார். தண்ணீர் கலங்கலாகத் திரும்பி, கீழ் வயலுக்குள் இறங்கியது.

பத்மாசனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கைகள் இரண்டும் அசையாமல் இருந்தன. பன்னிரண்டு வருடமாகத் தலையில் சுமந்த கடகத்தை யாரோ பின்னால் வந்து மெல்ல இறக்கி வைத்ததுபோல இருந்தது. கழுத்து கொஞ்சம் ஆடியது, பிறகு நிமிர்ந்தது. மகள் கேட்டதும் இளையதம்பி ஏன் விட்டார் என்று அவளுக்குத் தெரியும். தான் கத்திக் கத்திச் சம்பாதித்த பெயர் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் நின்றது. அது பிள்ளையின் தொண்டையில் ஏறத் தேவைப்படவில்லை.

"என்ன அக்கா, வாய் போதுமோ?" என்று கேட்டாள்.

"போதும்" என்றாள் கதிராசி. "எனக்கு இதுதான் தங்கச்சி வேணும்."

ஆனியில் பதிவு எழுத்து, ஆவணியில் கலியாணம். விமலேஸ்வரிதான் முன்னுக்கு நின்று பலகாரம் சுட்டாள். முதல் முறையாகப் பத்மாசனியின் குசினியில் ஏழெட்டுப் பெண்கள் இருந்து கதைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் காணாமல் போன வாழைக்குலையின் கதையும் வெளியே வந்தது. எடுத்தது விமலேஸ்வரியின் நடுப்பெடியன். "கத்துறாவோ எண்டு பாக்கத்தான் எடுத்தனான்" என்றானாம்.

ஆலையடிக்குளத்தில் அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. விதானை முறை போய்ப் பயிர்ச்செய்கைக் குழு வந்திருந்தது. தண்ணீர் பிந்தினால் குழுக் கூட்டத்தில் போய் நின்று சாதாரணக் குரலில் சொல்வாள். சொல்லத் தொடங்கியதுமே, "ஓம், ஓம், எழுதியாச்சு" என்று அவசரமாகச் சொல்லி அவளை இருத்திவிடுவார்கள். கூச்சம் முழுதாகப் போகவில்லை. புது ஆட்களைக் கண்டால் நிலத்தைப் பார்ப்பது கடைசிவரை இருந்தது.

கலியாணம் முடிந்து மகள் வீட்டுக்கு அவள் முதல் தரம் போனது ஐப்பசி மழைக்கு முன்னால். போகும்போது மனதில் ஒரே ஒரு பயம் இருந்தது. அந்த வேலிக்காரனைப் பார்த்துத் தான் ஏதாவது சொல்லவேண்டி வருமோ என்பது. புது ஊர், அங்கே முருங்கை மரம் எந்தப் பக்கத்தில் நிற்குமோ தெரியாது.

வீட்டுக்குள் போகமுன்னம் கதிராசி அவளை நேரே வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"பாருங்கோ."

புதுக்கிடுகு, புதுக்கம்பு. வேலி தள்ளி நின்றது. மூன்று தென்னையும் இந்தப் பக்கம் நின்றன. நாலாவதாக ஒரு இளந்தென்னையும் நின்றது.

"இதை ஆர் கட்டினது?"

"பக்கத்து வளவுக்காரன்தான். நீங்கள் வாறியளெண்டு நானா போன கிழமை வந்து சொல்லிப்போட்டுப் போனவர். அடுத்தநாள் விடிய வேலி மாறி நிக்குது."

"இந்த நாலாவது தென்னை?"

"அது அவன்ரதான். அவசரத்திலை அளவு தெரியேல்லைப் போலை."

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு நடுவயது மனிதர், கையில் ஒரு குலை இளநீரோடு வந்து தயங்கி நின்றார். "சம்மந்தியம்மாவோ? வாங்கோ, வாங்கோ. குடிச்சுப்போட்டு இருங்கோ" என்று வேலிக்கு மேலால் நீட்டினார். பத்மாசனி வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது.

"உங்கட தென்னை ஒண்டு இஞ்சாலை வந்திட்டுது. மாத்திக் கட்டுங்கோ" என்றாள்.

அந்த மனிதர் அவளைப் பார்த்தார். பயம் மெல்ல முகத்தில் இருந்து இறங்கியது. "நாளைக்கு மாத்திறன்" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டபிறகு, மகள் பாய் விரித்துக் கொடுத்தாள். பகலில் படுக்கிற பழக்கம் பத்மாசனிக்கு இல்லை. கொஞ்சம் காலை நீட்டுவோம் என்றுதான் சரிந்தாள். குசினியில் சிவனேஸ்வரியும் கதிராசியும் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பாலன் கிணற்றடியில் துலா இழுத்துக்கொண்டிருந்தான். விளக்கு வைக்கிற நேரம் மகள் வந்து எழுப்பும்வரை அவள் புரண்டும் படுக்கவில்லை.